உப்பில்லாத கிணறு

சோதனைக் குழாயைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். சுற்றிலும் எங்கள் தெருப் பெண்கள். பாதிப் பேர் இடுப்பில் காலிக் குடத்தோடு நின்றார்கள். தென்னந்தோப்பின் ஓரத்தில் அன்று காலை தோண்டிய குழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஊறியிருந்தது. அதிலிருந்து மொண்ட தண்ணீர்தான் குழாயில் இருந்தது.

பழுப்புப் புட்டியிலிருந்து மூன்று சொட்டு மருந்து விட்டேன்.

"இன்னா தம்பி, இப்போ இன்னா ஆவும்?" என்று என் அக்கா எஸ்தர் கேட்டாள்.

"உப்பு இருந்தா பால் மாதிரி வெளுக்கும்க்கா. இல்லாட்டி இப்படியே இருக்கும்."

சற்று முன்புதான் எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் இதே மருந்தை விட்டுக் காட்டியிருந்தேன். அது சுண்ணாம்பு கரைத்த தண்ணீராக வெளுத்துப் போனதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். இந்தக் குழாயை ஆட்டினேன். மறுபடி ஆட்டினேன். பேருக்கு ஒரு மங்கல் தெரிந்தது, அவ்வளவுதான்.

"உப்பு இல்ல. நல்ல தண்ணி" என்றேன்.

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். கலங்கல் படியட்டும் என்று நான் சொல்வதற்குள் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டாள். "தித்திக்குதுடி!" என்று கத்தினாள். மேலே ஏறி வந்து, ஈரக் கையாலேயே என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். இருபத்தொரு வயசுக் காளை நான், காலேஜில் படிப்பவன், அத்தனை பெண்கள் நடுவில் வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தொடரில் இதுவரை காலேஜ் விடுதிச் சாம்பாரையும், வெயிலில் நிலம் அளக்கும் சங்கிலி இழுத்து மயங்கி விழுந்ததையும் எழுதிக்கொண்டு வந்தேன். வாசகர்கள் சிரிக்கிறார்கள் என்று ஆசிரியர் சொல்கிறார். சந்தோஷம். ஆனால் நாலு வாரமாக நான் இந்த ஒரு கதையைச் சுற்றிச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கிறேன். உள்ளே போகத் துணிச்சல் இல்லாமல்தான் சாம்பாரைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

தோலும் உப்பும்

ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டி, ஒரு ஊருக்கு வெளியே இருந்தது எங்கள் தெரு. ஏன் வெளியே என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோயில் இருந்த இடம் ஊர். மாதா கோயில் என்று எல்லாரும் சொல்லும் சின்னச் சபை இருந்த இடம் எங்கள் தெரு. ஊர்க் கிணற்றில் எங்கள் குடம் இறங்காது.

எங்களுக்கு என்று ஒரு கிணறு இருந்தது. அதற்குப் பக்கத்தில் தோல் பதனிடும் ஷெட் வந்தது. ஷெட் வந்ததால்தான் எங்கள் நைனாவுக்கு வேலை வந்தது, கூலி வந்தது, நான் மிஷன் பள்ளிக்கூடத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அந்த நன்றியையும் மறைக்கக் கூடாது. ஆனால் பச்சைத் தோல் உப்புப் போட்டுத்தான் வரும். அந்த உப்பைத் தொட்டியில் ஊறவைத்துக் கழுவி, கழுவின தண்ணீரை வெளியே திறந்துவிடுவார்கள். பூமி குடித்துக்கொண்டே இருக்கும். பத்து வருஷத்தில் எங்கள் கிணறு கடலாகிவிட்டது.

அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோறு பழுப்பேறும். சோப்புப் போட்டால் நுரைக்காமல் திரிந்து போகும். குழந்தைகள் வாயில் வைத்துத் துப்பும்.

ஆகவே எங்கள் பெண்கள் ஆற்றுக்குப் போனார்கள். பாலாறு என்றால் தண்ணீர் ஓடும் என்று தஞ்சாவூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் ஆற்றில் வருஷத்தில் பத்து மாதம் மணல்தான் ஓடும். மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்ப வேண்டும். ஒரு குடத்துக்கு அரை மணி. வெயில் காலத்தில் ஆள் உயரக் குழிக்குள் இறங்க வேண்டும். ஒரு தடவை எஸ்தர் அக்கா உள்ளே இருக்கும்போது மணல் சரிந்து மார்வரைக்கும் மூடிவிட்டது. வெளியே இழுத்துப் போட்டதும் அவள் முதலில் கேட்டது, "கொடம் ஒடஞ்சிடுச்சா?"

அம்மா என் சின்ன வயசிலேயே போய்விட்டாள். நைனா நான் காலேஜில் சேர்ந்த வருஷம் போனார். எனக்கு எஸ்தர் அக்காதான் எல்லாம். என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. என் முதல் வருஷப் பரீட்சை முடிவு வந்தபோது, அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினவள்.

மேடா, தோப்பா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். சிவில் இன்ஜினீயரிங்கில் மூன்றாம் வருஷம் முடிந்து லீவுக்கு வரும்போது எங்கள் காலேஜில் ஒரு வேலை கொடுத்து அனுப்புவார்கள். ஏதாவது ஒரு கிராமத்தை அளந்து, வரைபடம் போட்டு, அங்கே ஒரு சாலையோ பாலமோ குடிநீர் வசதியோ எப்படிச் செய்யலாம் என்று அறிக்கை எழுதிக்கொண்டு வர வேண்டும். மற்றப் பையன்கள் அப்பாவுக்குத் தெரிந்த ஓவர்சீயரைப் பிடித்து, பழைய படத்தைப் பார்த்து எழுதுவார்கள். நான் எங்கள் தெருவுக்கே கிணறு எடுப்பது என்று கிளம்பினேன்.

காலேஜிலிருந்து மேடு பள்ளம் அளக்கும் லெவல் கருவியைக் கடன் வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ரசாயனக் கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி அந்தப் பழுப்புப் புட்டியையும் வாங்கினேன். அக்கா வீட்டுக்காரர் தேவதாஸ் மாமா ஷெட்டில், மரப்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைக்கும் பட்டைக் குழி வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் எனக்காக மட்டக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் கையை ஆட்டினால் இடப்பக்கம், தலையை ஆட்டினால் வலப்பக்கம் என்று பேச்சு. கொசு கடித்து நான் கையை உதறினால்கூட மனுஷர் இடப்பக்கம் போய்விடுவார்.

"மச்சான், இந்தக் குழாய்ல பாத்தா நான் இன்னா தலகீழாத் தெரியுறேனா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா."

"அதான் உங்க அக்காவும் என்னை இப்படியேதான் பாக்குறா."

ஷெட் முதலாளி சாயபு நல்ல மனிதர். நான் அளப்பதைக் கேள்விப்பட்டு, குதிரை வண்டியில் வந்து இறங்கினார். "தம்பி, உப்புப் பேஜார் எனக்கும் தெரியும். எங்க தோண்டணும்னு நீ கை காட்டு. தோண்டிக் குடுக்குறது என் பொறுப்பு" என்றார்.

கை காட்டுவதற்கு இரண்டு இடம் இருந்தது. ஒன்று, தெருவுக்கு மேற்கே கல்மேடு. பாறை உடைக்க வேண்டும், வெடி வைக்க வேண்டும், ஒரு வருஷம் பிடிக்கும். பெண்கள் மேடு ஏறி இறங்க வேண்டும். இன்னொன்று, ஆற்றுப் பக்கம் தென்னந்தோப்பு. மணல் பூமி. சுட்ட மண் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கினால் பத்தே நாளில் கிணறு. தோப்பை ஒட்டி ஊற்றுக்கால் ஒன்று ஓடியது. ஆற்று மணலில் பள்ளம் வெட்டி, ஊறும் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோகும் கால்வாயை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

"மேடு வாணாம் தம்பி" என்றாள் அக்கா. "தோப்புல எடு. வயித்துப் புள்ளக்காரிங்க எப்படி மேடு ஏறுவாளுங்க?"

தோப்பில் குழி தோண்டி மருந்து விட்டுப் பார்த்தேன். நடந்ததை மேலே சொல்லிவிட்டேன்.

நான் வேறு எதையும் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தோல் ஷெட் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கெட்ட தண்ணீர் என்றால் உப்புத் தண்ணீர். உப்பு இல்லையென்றால் நல்ல தண்ணீர். எங்கள் தெருவில் பச்சைக் குழந்தையும் அப்படித்தான் சொல்லும். மூன்று வருஷம் இன்ஜினீயரிங் படித்த நானும் அதையேதான் சொன்னேன், கூட ஒரு கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

வற்றாத கிணறு

ஆனி மாதம் கிணறு தயார். பாதிரியார் ஜெபம் செய்தார். சாயபு ஒரு மூட்டை சர்க்கரை அனுப்பினார். தெரு முழுக்கப் பானகம். பெண்கள் அன்று முழுக்க இறைத்த தண்ணீரைக் குடித்தார்களோ இல்லையோ, ஒருத்தி மேல் ஒருத்தி ஊற்றிக்கொண்டார்கள்.

அக்கா அன்று சமைத்த பருப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. "பாரு, மலர்ந்து வெந்துகீது" என்று கரண்டியில் எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். அவள் குழந்தைகள் இரண்டும், பெரியவள் மேரி, சின்னவன் யோபு, வயிறு வெடிக்கத் தின்றன.

"இனிமே ஆத்துக்குப் போவமாட்டேன்" என்றாள் அக்கா. சாப்பிடும்போதே இதை மூன்று முறை சொன்னாள். வேறு யாரிடமோ சொல்வதுபோல, சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

காலேஜுக்குத் திரும்பி அறிக்கை எழுதினேன். நாற்பது பக்கம். வரைபடத்துக்கு நீலமும் பச்சையும் வண்ணம் தீட்டினேன். அதில் ஒரு வாக்கியம் எழுதினேன். எழுதும்போது மிகவும் பெருமைப்பட்ட வாக்கியம் அது. ஊற்றுக்காலின் அடி, கிணற்றின் நீர்மட்டத்தைவிட நாலடி உயரத்தில் இருக்கிறது, தூரமோ பதினெட்டு அடிதான், ஆகவே கால்வாயிலிருந்து கிணற்றுக்கு எப்போதும் ஊற்று இருந்துகொண்டே இருக்கும், கோடையிலும் கிணறு வற்றாது.

அளவை ஆசிரியர் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார். அந்த வருஷத்தின் சிறந்த லீவு அறிக்கை என்று என்னுடையதைத் தேர்ந்தெடுத்தார்கள். டிசம்பர் விழாவில் பரிசு தருவதாக அறிவிப்புப் பலகையில் பெயர் ஒட்டினார்கள்.

விடுதியில் என் பெட்டியிலிருந்து தோல் வாடை வருகிறது என்று கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொண்ட பையன் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம், பிற்பாடு பெரிய பதவியில் இருந்தவன். அவன்கூட அன்று வந்து கை கொடுத்தான். அந்தக் கை எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அது தெரியாவிட்டால் பின்னால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது.

கரும்பலகையில் ஒரு கிணறு

நாலாம் வருஷத்தில் சுகாதாரப் பொறியியல் என்று ஒரு பாடம். குடிநீர், சாக்கடை, கிணறு எல்லாம் அதில்தான் வரும். புரட்டாசி மாதத்தில் ஒரு காலை, முதல் மணி. ஆசிரியர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ஒரு கிணறு வரைந்தார். பக்கத்தில் ஒரு வாய்க்கால் வரைந்தார். வாய்க்கால் உயரத்தில், கிணற்று நீர் கீழே. பிறகு வாய்க்காலிலிருந்து கிணற்றுக்குச் சாய்வாக அம்புக்குறிகள் போட்டார்.

"இந்தத் தண்ணீர் தெளிவாக இருக்கும். ருசியாகவும் இருக்கும். மக்கள் விரும்பிக் குடிப்பார்கள்" என்றார். "மேலே எங்கேயோ ஒரு வாந்திபேதிக்காரனின் துணியை இந்த வாய்க்காலில் அலசினால், கீழே ஒரு தெருவே போய்விடும். மணல் பருமனாக இருந்தால் நடுவில் ஐம்பது அடி தூரம்கூடப் போதாது. உறைக்கிணறு என்றால் மேல் உறைகளின் இடுக்கையெல்லாம் களிமண்ணோ சிமெண்ட்டோ வைத்து அடைத்தே ஆக வேண்டும்."

பக்கத்துப் பையன் எழுதிக்கொண்டிருந்தான். எனக்குப் பேனா ஓடவில்லை. அது என் கிணறு. நான் வண்ணம் தீட்டின படத்தை அந்த மனிதர் வெள்ளை சாக்பீஸில் திருப்பி வரைந்திருந்தார். எங்கள் கிணற்றின் உறை இடுக்குகளை யாரும் அடைக்கவில்லை. தண்ணீர் நன்றாக உள்ளே வரட்டும் என்று அடைக்க வேண்டாம் என்று சொன்னவனே நான்தான்.

அதோடு நின்றதா? அளவெடுக்கும்போது அசையாத கல் ஒன்று வேண்டும், எல்லா உயரத்தையும் அதிலிருந்துதான் கணக்கிடுவோம். கால்வாயில் மேலே, அடுத்த கிராமத்துப் பக்கத்தில், ஒரு பெரிய கல்லைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அது துணி துவைக்கிற கல். அதன் மேல்தான் தேவதாஸ் மாமா மட்டக்கோலை வைத்துக்கொண்டு நின்றார். ஈரமாக, அழுக்கு நுரையோடு இருந்தது, துடைத்துவிட்டு வைத்தார். 'துவைகல்' என்று என் கையாலேயே குறிப்பு எழுதியிருக்கிறேன். எழுதியும் எனக்கு உறைக்கவில்லை. குருடன்கூடத் தடவிப் பார்த்திருப்பான்.

இரண்டு கடிதங்கள்

அன்று மத்தியானமே கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

மாமாவுக்கு எழுதின முதல் கடிதத்தில் இரண்டே வரி. 'கிணற்றை மூடிவிடுங்கள். நான் தப்பான இடத்தைக் காட்டிவிட்டேன்.'

எழுதி, மடித்து, உறையில் போட்டேன். தபால் பெட்டிவரைக்கும் போனேன். பிறகு அங்கேயே மரத்தடியில் நின்றுகொண்டு யோசித்தேன். மூடச் சொன்னால் சாயபு ஏன் என்று கேட்பார். காலேஜுக்குத் தெரியும். பரிசு போகும், அது போகட்டும் என்று வைத்துக்கொண்டாலும், பலகையில் ஒட்டின பெயரைக் கிழிப்பார்களே. அந்தத் தெருப் பையனுக்கு எதற்கு இன்ஜினீயரிங் என்று சொல்லக் காத்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்! ஊரிலும் காலேஜிலும் நாலு பேரின் வாயில் விழுந்து எழ வேண்டும். கல்மேட்டில் இன்னொரு கிணறு தோண்ட சாயபு மறுபடி இசைவாரா? அக்கா மறுபடி ஆற்றுக்குப் போக வேண்டும்.

இந்தக் கடைசிக் காரணத்தை முன்னால் நிறுத்திக்கொண்டு, மற்றதையெல்லாம் அதன் பின்னால் ஒளித்துக்கொண்டேன். மூன்று மாதமாகக் குடிக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றும் சொல்லிக்கொண்டேன். மனுஷன் தன்னையே ஏமாற்றிக்கொள்ள உட்கார்ந்துவிட்டால் வாதத்துக்குப் பஞ்சமா?

முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். இரண்டாவது கடிதத்தையும் மாமா பெயருக்கே எழுதினேன். நலம் விசாரித்து, படிப்பைப் பற்றி எழுதி, கடைசியில், 'மழைக்காலம் வருகிறது, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், இப்போது பட்டணத்தில் எல்லாரும் அப்படித்தான் குடிக்கிறார்கள்' என்று சேர்த்தேன். ஏதோ புதுப் பாணியைச் சொல்லிக்கொடுப்பதுபோல.

மாமா பதில் போட்டார். கடிதத்தைத் தெருவில் எல்லாருக்கும் படித்துக் காட்டினாராம். 'இம்மாம் நல்ல தண்ணியக் காய்ச்சச் சொல்றானே உன் தம்பி, பட்டணத்துக்குப் போய் பெரிய மனுஷன் ஆய்ட்டான்' என்று எல்லாரும் அக்காவைக் கேலி செய்தார்களாம். அக்காவுக்குக் கோபம் வந்து யாரோடும் பேசவில்லையாம்.

அதைப் படித்துச் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

கார்த்திகை

ஐப்பசியில் அடைமழை. கார்த்திகைத் தொடக்கத்தில் ஒரு நாள் வகுப்புக்குக் கிளம்பும்போது கார்டு வந்தது. மாமாவின் கையெழுத்து கோணல் மாணலாக இருந்தது. 'தெருவில் வாந்திபேதி. ஆறு பேர் போய்விட்டார்கள். எஸ்தர் செவ்வாய்க்கிழமை கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். பிள்ளைகள் சுகம். நீ வா.'

நான் கார்டைப் படித்தது வெள்ளிக்கிழமை.

ரயிலில் எப்படிப் போனேன் என்று ஞாபகம் இல்லை. காட்பாடி தாண்டியதும் ஜன்னல் வழியே பாலாற்றைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அதிசயமாக அதில் தண்ணீர் ஓடியது. செம்மண் நிறத்தில், கரை தொட்டு.

தெருவில் பாதி வீடு பூட்டியிருந்தது. கிணற்றுக்குள் சுகாதார அதிகாரியின் ஆட்கள் மருந்துப் பொடி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், அந்த நெடி தெருமுனைவரைக்கும் அடித்தது. மேலே அடுத்த கிராமத்தில்தான் முதலில் நோய் வந்தது என்று சொன்னார்கள். ஆனால் தெருவில் கிணற்றை யாரும் சந்தேகப்படவில்லை. சந்தையில் வாங்கின கருவாடு என்றார் ஒருவர். மழைக்காற்று என்றார் இன்னொருவர். என்னைப் பார்த்ததும் பெண்கள் ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். "உன் அக்கா உன் பேரையே சொல்லிக்கினு இருந்தாப்பா" என்றார்கள். ஒருத்தியாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

கல்லறைத் தோட்டத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. ஆறு மேடுகள் வரிசையாக. எது அக்காவுடையது என்று மாமா காட்ட வேண்டியிருந்தது. மேரி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தையைப் பாதிரியார் வீட்டில் விட்டுவிட்டு, மாமாவை நானே ஊற்றுக்கால் ஓரமாக அழைத்துக்கொண்டு போனேன். சொல்லாவிட்டால் செத்துப்போவேன் என்று இருந்தது.

"மாமா, கருவாடும் இல்ல, காத்தும் இல்ல. இந்தக் கால்வாத் தண்ணிதான் கிணத்துக்குள்ள எறங்கியிருக்கு. மேல அலசின துணி அழுக்கு அப்படியே வந்திருக்கு. எடம் காட்டினது நான். தப்பு என்னுது."

அவர் கால்வாயைப் பார்த்தார். பிறகு கிணற்றைப் பார்த்தார். இருட்டறைக்குள் தடவுகிறவர்போல மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"புரட்டாசில. பாடத்துல சொன்னாங்க."

"அதான் காய்ச்சிக் குடின்னு எழுதினியா?"

"ஆமா மாமா."

மாமா அப்படியே கால்வாய்க் கரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அவ காய்ச்சினா மச்சான்" என்றார். "தெருவே சிரிச்சிது, இவ மட்டும் தினம் காய்ச்சினா. எங்க வீட்ல வெறகு ஏது? ஷெட்ல எடுத்துப் போட்ட சக்கைப் பட்டைதான் எரிப்போம். மழையில அது காயவே இல்ல. அடுப்பு மேல பரண் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக் காயவெச்சு, ஒரு பானை காய்ச்சுவா. ஒரு பானைக்கு மேல முடியாது. அத்தப் புள்ளைங்களுக்கும் எனக்கும் ஊத்துவா."

"அக்கா?"

"அவ பச்சத்தண்ணியே குடிச்சிக்கினா. ஏன்டி நீயும் இத்தக் குடின்னா, 'எனக்கு வாணாம், என் தம்பி பாத்துக் குடுத்த தண்ணி, எனக்கு ஒண்ணும் பண்ணாது'ன்னுட்டா."

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். கால்வாயில் மழைத் தண்ணீர் சருகுகளை அடித்துக்கொண்டு போனது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"காய்ச்சுன்னு எழுதினே, தெருவே சிரிக்கும்போதும் அவ ஒருத்தி கேட்டா. மூடுன்னு எழுதியிருந்தா மட்டும் கேட்டிருக்க மாட்டாளா மச்சான்?"

அவர் குத்திக் காட்டவில்லை. கோபமும் இல்லை. நிஜமாகவே பதில் தெரியாமல்தான் கேட்டார். என்னைவிட அவளை நன்றாக அறிந்தவர் வேறு யாரும் இல்லை என்பதால் என்னிடம் கேட்டார்.

"கேட்டிருப்பா மாமா" என்றேன்.